ஒன்றரைக் கண்: திரும்பிய தலையை வரையக் கற்ற வரலாறு

பெங்களூரு தொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலைத் தமிழ் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதன் கல்வெட்டுகளுக்காகவே நாடுவர். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் அங்கு உள்ளன. தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் வணிகப் பெயரும் இவ்வூருக்கு இருந்தது அவற்றால் தெரிய வருகிறது. போசள மன்னன் இராமநாதன் காலத்துக் கொடைகளும், அழகியார் என்பவர் நிலைக்கால்கள் இரண்டு அளித்த செய்தியும் அவற்றில் உண்டு. பெயர் சொக்கநாதர் என்றிருப்பினும் கருவறையில் உறைபவர் திருமால். இவையெல்லாம் அறிந்தவர்களுக்குப் புதியன அல்ல. இப்பதிவு கல்வெட்டுகளைப் பற்றியதும் அன்று. எழுத்தைத் தேடி வருவோர் கவனியாது கடந்துவிடும் ஒரு கேள்வியைப் பற்றியது: இத்தகைய கோயில்களில் உள்ள உருவங்களின் தலைகள் எப்பக்கம் திரும்பியிருக்கின்றன? அத்தலைகளை வரையக் கற்பவர் எங்கே தடுமாறுகிறார்?

வழிபாட்டு மூர்த்தி நேர்நோக்கி நிற்கும். அடியவரின் கண்ணும் தெய்வத்தின் கண்ணும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்பதே அதன் பயன். மண்டபத் தூண்களில் காணும் புடைப்புச் சிற்பங்களுக்குக் கல்லில் கிடைக்கும் ஆழம் குறைவு. ஆகவே அங்குத் தலைகள் பெரும்பாலும் நேராகவோ முழுப் பக்கவாட்டாகவோ அமையும். கோயிலில் அமர்ந்து வரையத் தொடங்கும் மாணவர் இவ்விரண்டையும் விரைவில் பழகிக்கொள்வார். கவிழ்ந்த தலை, அண்ணாந்த தலை, பாதி திரும்பிச் சாய்ந்த தலை ஆகியவை எதிர்ப்படும்போதுதான் கை நின்றுவிடும்.

இந்தத் தடுமாற்றத்திற்கு ஒரு வரலாற்று விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இந்தியக் கலைஞர்களுக்குக் குறுக்கம் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நிறுவிய கலைப்பள்ளிகளே அதைக் கற்பித்தன என்பது அது. குறுக்கம் என்பது, நீளமான ஒன்று நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ திரும்பும்போது சிறுத்துத் தெரிவது. இவ்விளக்கத்தை இன்று எவரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. ஆயினும் பாடத்திட்டங்களில் அது உயிரோடு இருக்கிறது. சிற்பநூல் அளவுகள் மரபுப் பாடம் என ஒரு தாளிலும், தலை வரைதல் மேலைப்பாடம் என வேறொரு தாளிலும் பிரிந்து கிடக்கின்றன. அப்பிரிவினை வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே இங்கு என் வாதம்.

முதலில் சிக்கலின் இயல்பைப் பார்ப்போம். தாலமான முறையில் முகமே அலகு. நவதால உருவத்தில் முகம் ஒரு தாலம், அதாவது 12 அங்குலம். (இவ்வங்குலம் உருவத்தின் அளவிலிருந்தே பெறப்படுவது, இன்றைய அளவுகோலின் அங்குலம் அன்று.) அம்முகம் மூன்று சம பாகங்களாகும்: மயிர்க்கோடு முதல் புருவம் வரை 4, புருவம் முதல் மூக்கு நுனி வரை 4, மூக்கு நுனி முதல் மோவாய் வரை 4. உரோமாபுரிக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியசும் முகத்தை இவ்வாறே மூன்றாகப் பகுத்தார். நேர்நோக்கிய தலைக்கு இவ்வளவுகள் சரியாகவே பொருந்தும்.

தலை கவிழ்ந்தவுடன் இச்சமன்பாடு குலைகிறது. நெற்றியும் உச்சியும் விரிகின்றன. மூக்குக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட பகுதி ஒடுங்குகிறது. காதுகள் கண்களின் மட்டத்திற்கு மேலே ஏறுகின்றன. தலை அண்ணாந்தால் எல்லாம் தலைகீழாகும்: தாடையின் அடிப்புறம் தெரியும், நெற்றி குறுகும், காதுகள் கண்களுக்குக் கீழே இறங்கும். பக்கமாகத் திரும்பினால் அப்பாலுள்ள கண் ஒடுங்கி மூக்குத் தண்டின் பின்னே பாதி மறையும். தொடக்கநிலை மாணவரின் கண் இவற்றைக் காணாமல் இல்லை. ஆனால் கைக்கு வேறொன்று தெரிந்திருக்கிறது: கண்கள் இரண்டும் ஒரே அளவின, காதுகள் கண்மட்டத்தில் தொடங்குபவை, முகம் மூன்று சம பாகம். கண் காண்பதைக் கை நம்புவதில்லை. அதனால் கவிழ்ந்த தலை கவிழாமலும், திரும்பிய முகம் நசுங்கியதுபோலவும் தாளில் விழுகிறது. முன்னரே பெற்ற அறிவு, காண்பதன் குறுக்கே நிற்கிறது.

அளவுகளை இத்துணைத் துல்லியமாக வகுத்த மரபு இச்சிக்கலை உணராதிருந்திருக்குமா? உணர்ந்திருந்தது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் அமைந்த சித்திரசூத்திரம் அதற்குச் சான்று. மார்க்கண்டேய முனிவர் வஜ்ர மன்னனுக்கு உரைப்பதாக அமைந்த பகுதி அது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1924-இல் அதை ஆங்கிலத்தில் தந்தார், நம் சி. சிவராமமூர்த்தி 1978-இல் மூலத்தோடு விரிவான ஆய்வையும் வெளியிட்டார். உருவத்தைக் காட்டக்கூடிய நிலைகள் ஒன்பது என அந்நூல் வகுக்கிறது. ரிஜ்வாகதம் என்னும் நேர்நோக்கில் தொடங்கி, சற்றே திரும்பிய நிலை, மேலும் சாய்ந்த சாசீகிருதம், அர்த்தவிலோசனம், முழுப் பக்கவாட்டான பார்சுவாகதம், முதுகு காட்டும் பிருஷ்டாகதம், முன்குனிந்த சமானதம் என அவ்வரிசை செல்கிறது. இந்நிலைகளைக் காட்டும் வழிக்கு அந்நூல் இட்ட பெயர் க்ஷயவிருத்தி. தேய்தலும் வளர்தலும் என்று தமிழில் சொல்லலாம். ஒரு பக்கம் தேயும்போது மறுபக்கம் வளரும். குறுக்கத்திற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் அரிது.

11-ஆம் நூற்றாண்டில் தாரா நகரை ஆண்ட போஜ மன்னன் பெயரில் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் இதையே மேலும் நுணுக்கமாக்குகிறது. பிரம்மசூத்திரம் எனப்படும் நடுநூலிலிருந்து முகத்தின் ஒவ்வோர் உறுப்பும் எத்துணை விலகி நிற்கும், தலை திரும்பும்போது அவ்விலகல் எப்பக்கம் குறையும் என்பதை அது கணக்கிட்டுக் கூறுகிறது. அந்நூல் ஒரு நிலைக்குச் சூட்டிய பெயர் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது: அத்யர்த்தாக்ஷம். அதன் பொருள் ஒன்றரைக் கண். பிற்காலத்தார் முக்கால் முகம் என்று அழைக்கும் தோற்றத்திற்கு அண்மையானது அது. முகம் எத்தனை பாகம் திரும்பியது என்று கேட்டால் மாணவருக்கு விடை எளிதில் கிடைக்காது. எத்தனை கண் தெரிகிறது என்று கேட்டால் உடனே கிடைக்கும். இப்பெயரைச் சூட்டியவர் கற்பவரின் இடர்ப்பாட்டை அருகிருந்து அறிந்தவராகவே இருக்க வேண்டும்.

நூலில் இருந்தது என்பதால் நடைமுறையிலும் இருந்தது என்று கொள்ள முடியாது; சான்று சுவர்களில்தான் உள்ளது. அஜந்தாவின் 16-ஆம் குகையில், சாகும் இளவரசி என்று பெயர்பெற்ற ஓவியத்தில், பெண்ணின் தலை துவண்டு சாய்கிறது. அங்குத் துயரைச் சொல்வது தலையின் கோணம். பல்லவர் கால ஓவியம் எஞ்சியுள்ள பனைமலைக் கோயிலில் குடைக்கீழ் நிற்கும் தேவியின் தலை ஒயிலாகச் சாய்ந்திருக்கிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உள்சுற்றில் 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்கு அறிவித்த சோழர் கால ஓவியங்களில் முதுகு காட்டித் தலையை மட்டும் திருப்பிய ஆடல்மகள் இருக்கிறாள். உடல் ஒரு திசையிலும் தலை மறுதிசையிலும் திரும்பும் அந்நிலை, இன்றும் கலைக்கல்லூரி மாணவர் அஞ்சும் நிலைகளுள் ஒன்று. தஞ்சையில் அதை வரைந்தவர் மேலைப்பள்ளி எதிலும் பயின்றவர் அல்லர்.

ஆனால் இவ்வரலாறு ஏறுமுகமாகவே செல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெங்களூரிலிருந்து வடக்கே, ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ள லேபாட்சியின் 16-ஆம் நூற்றாண்டு விதான ஓவியங்களைப் பாருங்கள். விசயநகரக் காலத்தின் சிறந்த எச்சங்கள் அவை. அங்கே பக்கவாட்டு முகங்களே மேலோங்குகின்றன. முகம் பக்கம் திரும்பியிருந்தும் கண் மட்டும் முழுமையாக விரிந்து நிற்கிறது. இதனைத் திறன் குறைவு எனக் கொள்வது அவசர முடிபு. நீண்ட பட்டைகளில் கதை சொல்லும் ஓவியத்தில் யார் யாரை நோக்குகிறார் என்பது தெளிவாக வேண்டும். அதற்குப் பக்கவாட்டு முகம் ஏற்றது. தேவை மாறியபோது ஒன்பது நிலைகளில் சில மட்டும் பயிற்சியில் தங்கின. பயிலாத நிலைகள் கையிலிருந்து நழுவின. நூலில் ஓர் அறிவு நீடிப்பது வேறு, பட்டறையில் அது நீடிப்பது வேறு.

மேலைநாட்டிலும் இது இயல்பாக வந்த திறன் அன்று. 15-ஆம் நூற்றாண்டில் பியரோ தெல்லா பிரான்செஸ்கா தலையைக் கிடைமட்ட அடுக்குகளாக வெட்டி, ஒவ்வோர் அடுக்கின் விளிம்பிலும் புள்ளிகள் இட்டு எண் கொடுத்து, சாய்ந்த தலையில் அப்புள்ளிகள் எங்கே விழும் எனக் கணக்கிட்டார். 1528-இல் வெளிவந்த ஆல்பிரெக்ட் டியூரரின் மனித அளவைகள் நூல் முன்தோற்றம், பக்கத்தோற்றம் ஆகியவற்றிலிருந்து கோடுகளை நீட்டித் திரும்பிய தலையைப் பெறும் வழியைக் காட்டியது. இவ்விருவரும் தலையை எண்களால் அறிந்து, பிறகு திருப்பினர். பிரம்மசூத்திரத்திலிருந்து விலகல் கணக்கிட்ட நம் நூலாரும் செய்தது அதுவே. விதிகள் வேறாயினும் எண்ணத்தின் போக்கு ஒன்று.

1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி கொண்டுவந்தது இத்தகைய கணக்கை அன்று. அக்காலப் பிரித்தானியக் கலைக்கல்வியின் மையமான சவுத் கென்சிங்டன் 23 படிகள் கொண்ட பாடமுறையை வகுத்திருந்தது. தட்டையான அச்சுப்படத்தைப் பார்த்து வரைதல், பிறகு நிழலிட்டு வரைதல், பிறகு சுண்ணச் சாந்தில் வார்த்த உருவத்தைப் பார்த்து வரைதல் என்பது அதன் ஒழுங்கு. குடியேற்ற நாட்டுக் கலைப்பள்ளிகள் பலவும் அதன் சாயலிலேயே நடந்தன. இதில் குறை கூறத்தக்கதும் உண்டு, நன்மையும் உண்டு. கிரேக்கத் தலையின் வார்ப்பே அழகின் அளவுகோலாக வைக்கப்பட்டது குறை. அசையாத வெண்ணிறத் தலையைச் சாளரத்தருகே வைத்து, மாணவர் இடம் மாறி அமர்ந்து அதையே பத்து முறை வரைய முடிந்தது நன்மை. எண்ணால் அறிந்த தலையை இப்போது ஒளியால் அறிந்தனர்.

இவ்விரு வழிகளும் சந்தித்த இடம் அஜந்தா. 1872 முதல் 1885 வரை பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் ஜான் கிரிபித்ஸ் தம் மாணவர்களுடன் குகை ஓவியங்களைப் படியெடுத்தார். இலண்டனுக்கு அனுப்பப்பட்ட படிகளுள் பல 1885-இல் நேர்ந்த தீவிபத்தில் அழிந்தன. படிகள் அழிந்தாலும் படியெடுத்த கைகள் பெற்ற பயிற்சி அழியவில்லை. வார்ப்புத் தலைகளில் பழகிய மாணவர்கள் துவண்ட, கவிழ்ந்த, திரும்பிய தலைகளை நூற்றுக்கணக்கில் தம் நாட்டுச் சுவரிலேயே எதிர்கொண்டனர். 1909-க்கும் 1911-க்கும் இடையில் கிறிஸ்தியானா ஹெர்ரிங்ஹாம் அம்மையார் மீண்டும் அப்பணியை மேற்கொண்டபோது உடனிருந்தோர் நந்தலால் போஸ், அசித் குமார் ஹல்தார் முதலியோர். அவர்களுள் ஒருவர் கன்னட நாட்டு வெங்கடப்பா.

பெங்களூரில் கலை பயில்வோர் கஸ்தூர்பா சாலையிலுள்ள வெங்கடப்பா கலைக்கூடத்தை அறிவர். அப்பெயருக்கு உரியவரின் கல்வி எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1886-இல் பிறந்த கே. வெங்கடப்பா மைசூரு மரபோவியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பின்னர்க் கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். 1914-இல் அவனீந்திரநாதர் இந்தியக் கலையில் உடலமைப்பு பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர்கள் நந்தலாலும் வெங்கடப்பாவும். முகம் கோழிமுட்டை போன்றது, புருவம் வேப்பிலை, மூக்கு எள்ளுப்பூ, இதழ் கொவ்வைக்கனி, மோவாய் மாங்கொட்டை, கழுத்து சங்கு என்னும் உவமைகளை அந்நூல் படங்களோடு விளக்குகிறது. தமிழ்க் கேசாதிபாத மரபில் பழகிய நமக்கு இவற்றுள் பல அந்நியமல்ல.

இவ்வுவமைகளை அணியாக மட்டும் படிப்பது நம் வழக்கம். வரையக் கற்பவரின் இடத்திலிருந்து படித்தால் வேறொன்று புலப்படும். முட்டை, மாங்கொட்டை, சங்கு மூன்றும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கத்தக்க திண்மப் பொருள்கள். அண்ணாந்த தலையின் மோவாயை வரையத் தெரியாத மாணவர் ஒரு மாங்கொட்டையை எடுத்துக் கண்ணுக்கு மேலே பிடித்துப் பார்க்கலாம். முட்டையின் மேல் நடுக்கோடும் கண்கோடும் வரைந்து சாய்த்தால், நேர்க்கோடுகள் வளைகோடுகளாக மாறுவது தெரியும். 1956-இல் வெளிவந்த ஆண்ட்ரூ லூமிசின் தலை வரைதல் நூல் இன்றும் உலகெங்கும் மாணவர் கைகளில் உள்ளது. பக்கங்கள் சீவப்பட்ட பந்தின் மீது புருவக்கோடும் நடுக்கோடும் இட்டுத் திருப்புவதே அதன் வழி. அது பந்து, இது முட்டை. ஒன்றைக் கல்வி என்றும் மற்றொன்றைக் கவிதை என்றும் பிரித்து வைத்தது நம் பாடத்திட்டம்.

அவனீந்திரநாதர் அந்நூலில் மற்றொன்றையும் வலியுறுத்தினார்: சாத்திர அளவுகள் வழிபாட்டு உருவத்திற்கே கட்டாயம், பிறவற்றில் கலைஞர் கட்டுண்டவர் அல்லர். அவரிடம் ஓவியம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட அவரது உழைப்பாளர் சிலையில் நால்வர் உடலை முறுக்கிப் பாறையைப் பெயர்க்கின்றனர். அதைச் சுற்றி ஒரு முறை நடந்தால் ஒவ்வொரு தலையும் அடிக்கு அடி வேறு தோற்றம் தருவதைக் காணலாம். சென்னை மாணவர்க்கு இதைவிடச் சிறந்த திறந்தவெளி வகுப்பறை இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை.

அதே பள்ளியில் பயின்ற பி. எம். சீனிவாசன் வேறொரு பாதையை எடுத்தார். ஓவியர் மாலி சூட்டிய 'சில்பி' என்னும் பெயரால் தமிழகம் அவரை அறியும். ஆனந்த விகடனில் அவர் வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் முன்னமர்ந்து வரைந்தார். தட்டையான அச்சுப்படத்தை மேலைப்பள்ளி முதற்படியாக வைத்தது; சில்பியோ கல்லையே தாளாகவும் ஆசிரியராகவும் கொண்டார். உயரத்தில் இருக்கும் சிற்பத்தை உள்ளபடி வரையும் எவரும் அண்ணாந்து பார்த்தே வரைய வேண்டும்; தாடையின் கீழ்ப்புறமும் மூக்கின் அடிப்பகுதியும் அங்கு முதலில் கண்ணில் படும். கே. எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969-இல் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும் இவ்வரிசையில் வைக்கலாம். ஒரே மனிதரின் தலையைத் திரும்பத் திரும்ப வரைந்த அத்தொகுதி, கற்றலுக்கும் கலைக்கும் இடையே நாம் போடும் எல்லைக்கோட்டை ஐயுறச் செய்கிறது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று வழிகள் தெரிகின்றன: தலையை எண்ணால் அறிதல், ஒளியால் அறிதல், கையில் எடுத்துத் திருப்பக்கூடிய பொருளால் அறிதல். இவற்றுள் எதுவும் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மூன்றுக்கும் பொதுவான ஒன்றுண்டு. தலையின் விளிம்பைப் பார்த்துப் படியெடுக்குமாறு எந்த வழியும் மாணவரிடம் சொல்லவில்லை. மறைந்திருக்கும் பக்கத்தையும் அறிந்து, பிறகு தெரியும் பக்கத்தை வரையுமாறே சொல்லின. இன்று மாணவர் பெரும்பாலும் கைப்பேசித் திரையில் உள்ள ஒளிப்படத்தைப் பார்த்து வரைகின்றனர். ஒளிப்படம் குறுக்கத்தைத் தானே செய்து முடித்துத் தட்டையாக்கித் தருகிறது; மாணவர் தேய்தலையும் வளர்தலையும் அறியாமலே விளிம்பை மட்டும் பெயர்த்தெழுதுகிறார். படம் சரியாக அமையலாம்; அடுத்த தலையை வரையும் திறன் அமையாது.

பாடத்திட்டம் வகுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரசூத்திரத்தைக் கலைவரலாற்றுத் தாளிலிருந்து விலக்க வேண்டா. ஆனால் அதன் ஒரு பிரதியை வரைகூடத்திலும் வையுங்கள். முதலாண்டு மாணவரிடம் ஒன்பது நிலைகளின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்வதைவிட, ஒரு முட்டையைக் கொடுத்து ஒன்பது நிலைகளிலும் வரையச் சொல்வது பயன் தரும். வை. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்' அளவுகளைத் தமிழிலேயே தருகிறது. அவ்வளவுகளை முதலில் நேர்முகத்தில் இட்டு, பிறகு தலையைக் கவிழ்த்து, எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்தது என்று மாணவரே அளந்து எழுதட்டும். தொம்மலூர் போன்ற ஊர்க்கோயில்களுக்கு அவர்களை அழைத்துச் செல்வோர், கல்வெட்டைப் படித்த பின் தூணருகே சற்று நேரம் நிறுத்தி, எத்தனை கண் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு, ஒன்று என்னும் விடைகள் எளிதில் வரும். ஒன்றரை என்று முதன்முறை ஒரு மாணவர் சொல்லும்போது, போஜன் காலத்து ஆசிரியர் ஒருவரின் பாடம் இங்கே மீண்டும் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.